கேள்வி கேட்பவர் எழுந்து முன்னால் வர வேண்டும்

பயிற்சி மையத்துக்குப் புதிய ஒருங்கிணைப்பாளர்களாக நீங்கள் மூன்று பேரும் பொறுப்பேற்றிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "மேடம், நம்ம ஹால்ல கேள்வி கேக்கறவங்க எழுந்து முன்னால வந்து, பேசறவரு எதிர்ல நின்னுதான் கேக்கணும்னு ஒரு வழக்கம் வச்சிருக்கீங்களே, எதுக்கு அது? நேரம் ஜாஸ்தி ஆவுது. ரெண்டு கார்ட்லெஸ் மைக் வாங்கிட்டா முடிஞ்சுது" என்றார். மைக் தாராளமாக வாங்குங்கள். வழக்கத்தை எடுப்பதாக இருந்தால் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். போனில் சொன்னால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கடலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியையாக இருந்தவள். பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில், சில கல்லூரிகள் சேர்ந்து சிதம்பரத்தில் நடத்திய இந்த ஆசிரியர் பயிற்சி மையத்தையும் கவனித்துக்கொண்டேன். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி சிதம்பரத்தில் இறங்குவதற்குள் அன்றைய வகுப்புகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவேன். ரெஃப்ரெஷர் கோர்ஸ் என்றால் வெளியில் பெரிய படிப்பு மாதிரி தெரியும். உள்ளே இருக்கிற நமக்குத்தானே தெரியும். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும், அதனால் வருகிறார்கள். வருகிற ஆசிரியர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். முன்வரிசையை விட்டுவிட்டு உட்காருவார்கள், பந்தி எப்போது என்று பார்ப்பார்கள். நான் இதைக் கிண்டலாகச் சொன்னாலும் அவர்கள் மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது. வருஷம் முழுவதும் நின்று பேசுகிறவர்களுக்கு இரண்டு வாரம் உட்கார்ந்து கேட்கக் கிடைப்பதே ஓய்வுதான்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. கோர்ஸின் நடுவில் மாதிரி வகுப்பு என்று ஒன்று உண்டு. வந்திருக்கும் ஒவ்வொருவரும் தன் பாடத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சக ஆசிரியர்களுக்கு நடத்த வேண்டும். மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். முந்தின நாள் டீ நேரத்திலேயே இதற்குப் பேரம் முடிந்துவிடும். "நாளைக்கு நீங்க எனக்கு இந்தக் கேள்வியைக் கேளுங்க சார், நான் உங்களுக்கு நீங்க சொல்றதைக் கேக்கறேன்." மறுநாள் எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் தடையில்லாமல் பதில் சொல்வார்கள். எல்லோருக்கும் கைதட்டல், எல்லோருக்கும் ஏ கிரேடு. எனக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் சாவியை ஒப்படைக்கும்போதே, "கண்டுக்காதீங்கம்மா, எல்லாரும் குடும்பஸ்தனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த வேலையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இனி யார் கேள்வி கேட்பார்கள் என்பதை வகுப்பு நடக்கும்போது நானே கைகாட்டுவேன் என்று அறிவித்தேன். முகங்கள் தொங்கிப்போயின. அந்த முடிவுக்காக இன்றும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் யார் எதை நம்பி நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல்தான் அதை எடுத்தேன்.

கொரோனா அடங்கிக் கல்லூரிகள் மறுபடி திறந்த சமயம் அது. நேரில் நடந்த முதல் கோர்ஸ். எல்லோருக்கும் மாஸ்க், பெஞ்சுக்கு ஒருவர், ஆளுக்கு ஆள் இடைவெளி. மீறினால் மையத்தை மூடச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில், யார் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கினாலும் நான் அதட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கோர்ஸுக்கு லால்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தவர் நூருல்லா சார். ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல். வந்தவர்களிலேயே மூத்தவர், முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரை எனக்கு முன்பே தெரியும். வகுப்பில் ஒரு மாணவன் கேள்வி கேட்டால் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய், அந்தப் பையன் முன்னால் நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அவர் கல்லூரிக்கு ஆய்வுக்குப் போன குழு ஒன்று, மாணவரை மதிக்கிற ஆசிரியர் என்று அதை விசேஷமாகப் பாராட்டியது. நானும் பல மேடைகளில் அவரை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய மாதிரி வகுப்பு அன்று பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டைப் பற்றி. பாடத்தை அருமையாக ஆரம்பித்தார். சேற்றில் காற்றில்லாததால் வேர் எப்படி மேல் நோக்கி வளர்ந்து மூச்சு விடுகிறது என்று பலகையில் படம் போட்டார். நான் பின்னாலிருந்த ஓர் அம்மாவைக் கைகாட்டினேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ கேட்டார். நூருல்லா சார் வழக்கம்போல் அவரை நோக்கி நடந்தார். "சார், இடைவெளி, இடைவெளி" என்று நான்தான் நிறுத்தினேன். அப்படியே நின்று அந்த மாஸ்க்கைப் பார்த்தார். பிறகு "நல்ல கேள்வி, கடைசியில பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பலகைக்குத் திரும்பினார். இரண்டாவது ஆளுக்கும் அதே பதில். யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவதாக நான் காட்டியது செந்திலை. அவர் நூருல்லா சாரின் கல்லூரியிலேயே வணிகவியல் நடத்துகிற இளைஞர். தெளிவாகத்தான் கேட்டார். "உப்புத் தண்ணியிலயே நிக்கற மரம், உறிஞ்சற உப்பை என்ன சார் பண்ணும்?" பதில் வரவில்லை. இன்னொரு தரம் கேட்டார். மூன்றாவது தரம் சத்தமாகவே கேட்டார். நூருல்லா சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியலை" என்றார்.

பிளஸ் டூ பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் அது. வாழ்நாளெல்லாம் அந்தக் காட்டுக்குப் பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போனவர் தெரியலை என்கிறார். நேரமாகிவிட்டது என்று சொல்லி அந்த அமர்வை முடித்தேன்.

டீ நேரத்தில் வராந்தாவின் ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். சுற்றிக்கொண்டு போய் எதிரில் நின்று, மாஸ்க்கை இறக்கி, செந்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். முழுப் பதிலும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் நான் எதற்காக அதைக் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்தது. கையிலிருந்த டீயைப் பக்கத்துக் கட்டைச்சுவரில் வைத்துவிட்டார்.

"எத்தனை நாளா சார்?"

"நாளா? ரொம்ப வருஷமா மேடம். கொஞ்சம் கொஞ்சமா போவுது. உதட்டைப் பாத்துச் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப எல்லாரும் வாயை மூடிட்டாங்க."

"மெஷின் வச்சிக்கலாமே."

"கண்ணுக்குக் கண்ணாடி போட்டா படிச்சவருன்னு சொல்றாங்க மேடம். காதுல மெஷின் வச்சா செவிடுன்னுதான் சொல்லுவாங்க. எங்க காலேஜ்ல சம்பளம் ஜாஸ்தி வாங்கறவங்களை எப்ப அனுப்பலாம்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. பொண்ணுக்கு இன்னும் படிப்பு முடியலை." பிறகு, "ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க மேடம். தெரியாதவன்னு பேரு வந்தா பரவாயில்லை, படிச்சிட்டு வந்து சொல்லிடறேன்னு சமாளிச்சிக்குவேன்" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. பாவம் மனுஷன் என்று வாயை மூடிக்கொள்வது ஒன்று. நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்துவது என் கடமை என்று எழுதிவிடுவது இன்னொன்று. இரண்டிலும் நமக்கு வேலை குறைவு. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

"எழுத மாட்டேன் சார்" என்றேன். "ஆனா உங்க பசங்க? கேள்வி உங்க காதுக்கு வரலைன்னு அவுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீங்க பதில் சொல்லலைன்னா என்ன நினைப்பாங்க?"

"கேக்கறதையே விட்டுட்டாங்க மேடம். காலேஜ் திறந்ததுலேருந்து என் வகுப்புல ஒரு பிள்ளை கூட வாயைத் திறக்கலை. நான் எழுதிப் போடறேன், அவுங்க எழுதிக்கறாங்க, மணி அடிக்குது." இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. வேலை போய்விடும் என்று சொன்னபோது கூடக் கலங்காத கண். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த மரியாதை அங்கேதான் இரட்டிப்பானது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும் சார். யார்கிட்ட, எப்பங்கறது உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த நாளே அவருடைய பிரின்சிபால் போனில் வந்தார். குழைந்து பேசுகிற மனிதர்.

"மேடம், நம்ம நூருல்லா எப்படிப் பண்றாரு? செந்தில் ஏதோ சொன்னாரு. சாதாரணக் கேள்விக்கே முழிச்சாராமே."

"நல்லாப் பண்றார் சார்."

"ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க மேடம், கான்ஃபிடென்ஷியலா. அடுத்த எச்.ஓ.டி. அவருன்னு இருக்கோம். அதோட மேனேஜ்மெண்ட் எல்லாரையும் ரிவ்யூ பண்றாங்க. உங்க எழுத்து இருந்தா எனக்கு உதவியா இருக்கும்."

"வந்தார், கோர்ஸை முடிச்சார். எல்லாருக்கும் அவ்வளவுதான் சார் எழுதுவோம்."

"வெள்ளிக்கிழமை பிச்சாவரம் போறதுக்கு எங்க காலேஜ் பஸ்ஸைக் கேட்டிருந்தீங்க இல்ல? டிரைவர் லீவு போல இருக்கு மேடம்" என்றார்.

டிரைவருக்கு லீவு கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? அவர்கள் கல்லூரியிலிருந்துதான் நமக்கு அதிகம் பேர் வருவார்கள். அதுவும் நின்றுபோகலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். வெள்ளிக்கிழமை டவுன் பஸ்ஸில் இடித்துக்கொண்டு போய்வந்தோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்றை நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும். நம்மிடம் வருகிறவர்கள் எல்லோரும் இன்னொரு இடத்தில் வேலை பார்க்கிறவர்கள். அங்கே தடுமாறினால் ஆபத்து என்பதால்தான் நம் ஹாலில் தடுமாறிப் பார்க்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்தை நாம் அவர்கள் முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த கோர்ஸில் மறுபடியும் எல்லோரும் கேள்வியைப் பேரம் பேசிக்கொண்டுதான் வருவார்கள். அவர்கள் செய்வதும் நியாயம்தான். கோள் சொல்கிற வாத்தியாரிடம் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது.

கடைசி நாள் நிறைவு விழா. பங்கேற்பாளர்கள் சார்பில் மூத்தவர் நன்றி சொல்வது வழக்கம். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமே ஆகிவிட்டது. சாப்பாட்டைப் புகழ்வார்கள், தங்குமிடத்தைப் புகழ்வார்கள், பிறகு என்னைத் தாயுள்ளம் என்பார்கள். நூருல்லா சார் மேடைக்குப் போனார்.

"சம்பா சாதமும் கொத்சும் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதை எல்லாரும் ஏற்கெனவே சொல்லிட்டாங்க" என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அடங்கிவிட்டது என்பதை அவர் கண்ணால்தான் தெரிந்துகொள்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"நான் ஒண்ணு சொல்லணும். எனக்குக் காது சரியா கேக்காது. இந்தக் கோர்ஸ்ல நீங்க பேசினதுல பாதி எனக்கு வந்து சேரலை. தலையாட்டிக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு என் வகுப்புல நீங்க கேட்ட கேள்விக்கும் தெரியலைன்னு சொன்னேன். பதில் தெரியாம அப்படிச் சொல்லலை. என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியலை. பதில் சொல்லாம அனுப்பிட்டேன், அது வாத்தியாருக்கு அழகில்லை. மன்னிச்சிக்குங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஒருவரும் கைதட்டவில்லை. தட்டினால் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. முதன்மை விருந்தினர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது செந்தில் எழுந்தார். எனக்குத் திக்கென்றது. பிரின்சிபாலுக்குச் செய்தி சொன்னவர் அவர். மேடைக்குக் கீழே வந்து, நூருல்லா சாருக்கு நேர் எதிரில் நின்று, மாஸ்க்கைக் கீழே இறக்கினார். இரண்டு வாரமாக மாஸ்க்குக்காக எல்லோரையும் அதட்டியவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. எந்த விதியை எந்த நேரத்தில் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். அதற்குக் கையேடு கிடையாது.

"சார், உப்புத் தண்ணியிலயே நிக்கற மரம், உறிஞ்சற உப்பை என்ன பண்ணும்?"

நூருல்லா சார் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். "சில மரம் வேர்லயே தடுத்துடும், உள்ளயே விடாது. சிலதால தடுக்க முடியாது. அது உப்பை உள்ள இழுத்துக்கிட்டு இலை வழியா வெளியே தள்ளிடும். அந்த இலையை நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும். வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பறிச்சுக் குடுத்திருப்பேன். நீங்க எங்கிட்ட வரவே இல்லை."

"வர வெக்கமா இருந்துச்சு சார்" என்றார் செந்தில். "நான்தான் போன்ல..."

"தெரியும், தம்பி. போய் உக்காருங்க."

செந்தில் போகவில்லை. அவருக்குப் பின்னால், முதல் கேள்வி கேட்ட அந்த அம்மா வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டாவது ஆள். ஒவ்வொருவராக முன்னால் வந்து, நின்று, மாஸ்க்கை இறக்கிக் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். முதன்மை விருந்தினர் தன் உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கோர்ஸில் நடந்த ஒரே உண்மையான மாதிரி வகுப்பு அதுதான்.

சாயங்காலமே பிரின்சிபால் மறுபடியும் போனில் வந்தார். "அவருக்குக் காதே கேக்காதாமே மேடம். நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

"அதை நான் சொல்லக் கூடாது சார். அவர்கிட்டயே கேளுங்க" என்றேன். "கேக்கறப்ப எதிர்ல நின்னு, முகத்தைப் பாத்துக் கேளுங்க. நல்லாப் பதில் சொல்றார்."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. துறைத் தலைவர் பதவியை அவருக்குக் கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. அதில் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. அடுத்த கோர்ஸுக்கு அந்தக் கல்லூரியிலிருந்து ஒருவரையும் அனுப்பவில்லை. ஆனால் அவரை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை. செந்திலும் இன்னும் சில ஆசிரியர்களும் நிர்வாகத்திடம் போய்ப் பேசியிருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் தானே சொல்லிவிட்ட ஒன்றை வைத்து ஒருவரை மிரட்டுவது கஷ்டம். இப்போது மெஷின் வைத்துக்கொண்டிருக்கிறார். எதிரில் நின்று கேட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்கிறார்.

அடுத்த கோர்ஸில் நான் ஒன்றும் அறிவிக்கவில்லை. முதல் கேள்வி கேட்டவரை, "முன்னால வந்து கேளுங்க" என்றேன். வந்தார். அப்படியே பழகிவிட்டது. அன்றைக்குப் பின்னால் வந்தவர்களில் யாருக்கெல்லாம் காது மந்தம், யாருக்கெல்லாம் கூச்சம், யாருக்கெல்லாம் பாடமே தெரியாது என்று நான் விசாரித்ததில்லை. எதிரில் வந்து நிற்கிற மனுஷனிடம் "கடைசியில பாப்போம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நூருல்லா சார் வந்த கோர்ஸ் முடிந்து அவர் கல்லூரிக்குத் திரும்பிப் போன வாரத்தில் எனக்கு அவரிடமிருந்து ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. என்னவோ ஏதோ என்று பயந்துகொண்டுதான் திறந்தேன்.

"மேடம், இன்னிக்கு வகுப்புல என் விஷயத்தைச் சொன்னேன். கேள்வி இருந்தா எதிர்ல வந்து நில்லுங்கன்னு சொன்னேன். ரொம்ப நேரம் யாரும் அசையலை. அப்புறம் கடைசி பெஞ்சுலேருந்து ஒரு பொண்ணு எழுந்து வந்து நின்னு, மாஸ்க்கை இறக்கிட்டுக் கேட்டுச்சு. பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."